லூசி மாட் மாண்ட்கோமரி

லூசி மாட் மாண்ட்கோமரி (நவம்பர் 30, 1874 - ஏப்ரல் 24, 1942) கனடா நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் ஆவார். எல். எம். மாண்ட்கோமரி என்னும் பெயரில் எழுதினார். 1908 ஆம் ஆண்டு வெளியான ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ் என்னும் சிறுவர் புதினம் இவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. பெற்றோரை இழந்தும் எதிலும் மகிழ்ச்சியைக் காணும் சிவந்த தலைமுடிச் சிறுமியான ஆன் ஷெர்லி இப்புதினத்தின் தலைவி ஆவாள். இவர் 20 புதினங்களையும் 500க்கும் மேற்பட்ட சிறுகதைகளையும் ஏராளமான கவிதைகளையும் எழுதியுள்ளார். இவருடைய நாட்குறிப்புகள் 1985 முதல் அச்சில் வரத் தொடங்கின. அவற்றைப் படித்த பலரால் ஆனின் கதையை அதற்குப் பிறகு பழைய முறையில் வாசிக்க முடியவில்லை.

இளமைக் காலம்

மாண்ட்கோமரி கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவில் கிளிஃப்டன் என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் இன்று நியூ லண்டன் என அழைக்கப்படுகிறது. தந்தையார் ஹியூ ஜான் மாண்ட்கோமரி, தாயார் கிளாரா வுல்னர் மக்நீல். இவருக்கு 21 மாதங்களே ஆகியிருந்தபோது தாயார் காசநோயால் இறந்தார். தந்தை குழந்தையை மனைவியின் பெற்றோரிடம் ஒப்படைத்தார். பின்னர் கனடாவின் மேற்குப் பகுதிக்குச் சென்று பிரின்ஸ் ஆல்பர்ட் என்ற ஊரில் குடியேறினார். இவ்வாறு தந்தை உயிருடன் இருந்தும் தாய் தந்தை இருவரும் இல்லாத பிள்ளையைப் போலவே மாட் வளர்ந்தார். தம்மை மாட் என்று அழைப்பதையே இவர் விரும்பினார்.

தாத்தா அலெக்சாண்டர் மக்நீலும் பாட்டி லூசியும் கேவெண்டிஷ் என்ற கடலோரச் சிற்றூரில் வாழ்ந்த கண்டிப்பான பிரெஸ்பிட்டேரியன் கிறித்தவர்கள். உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. ஆனால் அவ்வீட்டில் சிரிப்பும் பேச்சும் குறைவு. வரவேற்பறையில் கண்ணாடிக் கதவுகள் கொண்ட ஒரு புத்தக அலமாரி இருந்தது. ஒரு கதவில் தெரிந்த தன் உருவத்துக்குச் சிறுமி கேட்டி மாரிஸ் என்றும், மற்றொரு கதவில் தெரிந்த உருவத்துக்கு லூசி கிரே என்றும் பெயரிட்டு அவர்களோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார். கேட்டி மாரிஸ் என்னும் இப்பெயர் பின்னாளில் மாற்றம் எதுவுமின்றிப் புதினத்தில் இடம்பெற்றது.

1890 ஆம் ஆண்டு தந்தையுடன் வாழும் ஆசையில் பிரின்ஸ் ஆல்பர்ட் சென்றார். அங்கு மாற்றாந்தாய்க்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. வீட்டு வேலைகளும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இவர் மேல் விழுந்தன. அந்த ஆண்டு நவம்பரில் இவரது கவிதை ஒன்று பிரின்ஸ் எட்வர்ட் தீவின் நாளிதழில் வெளியானது. அச்சில் வந்த இவரது முதல் படைப்பு அதுவே. ஓராண்டு கழித்துத் தீவுக்கே திரும்பினார்.

கல்வியும் ஆசிரியப் பணியும்

தலைநகர் சார்லட்டவுனில் இருந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கல்லூரியில் இரண்டாண்டு ஆசிரியப் பயிற்சியை 1893-94 இல் ஒரே ஆண்டில் முடித்தார். 1895-96 இல் ஹாலிஃபாக்சு நகரின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றார். பட்டம் பெறும் அளவுக்குப் பணவசதி இல்லாததால் ஓராண்டுடன் நிறுத்திக்கொண்டார். பிடிஃபர்டு, பெல்மான்ட், லோயர் பெடெக் ஆகிய ஊர்களில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்.

1898 ஆம் ஆண்டு தாத்தா இறந்தார். அவரது விருப்பாவணப்படி வீடும் நிலமும் மாமா ஜான் மக்நீலுக்குச் சேர்ந்தன. பாட்டி தம் வாழ்நாள் வரை அவ்வீட்டில் இருக்கலாம். பேத்திக்கு அதில் பங்கு இல்லை. முதுமையில் பாட்டி தனித்து விடப்படுவதைத் தவிர்க்க மாட் ஆசிரியப் பணியை விட்டுவிட்டு கேவெண்டிஷ் திரும்பினார். 1901-02 இல் ஹாலிஃபாக்சு நாளிதழ் ஒன்றில் பணியாற்றிய காலம் நீங்கலாக, 1911 வரை அங்கேயே வாழ்ந்தார். பாட்டி இருக்கும் வரைதான் தமக்கு அவ்வீடு என்பதை இவர் நன்கு அறிந்திருந்தார்.

ஊரின் அஞ்சல் நிலையம் அவ்வீட்டின் சமையலறையிலேயே இயங்கியது. அஞ்சல் வேலையை இவரும் பார்த்துக்கொண்டார். இதனால் இதழ்களுக்குக் கதை அனுப்புவதும், அவை திரும்பி வருவதும் ஊராருக்குத் தெரியாமல் போயின. இவ்வசதி இல்லாதிருந்தால் கேலிக்கு அஞ்சி எழுத்தையே விட்டிருக்கக்கூடும் என்று பின்னாளில் இவரே கருதினார்.

ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்

வயதான தம்பதியர் ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து ஒரு சிறுவனைக் கேட்டிருக்க, தவறுதலாக ஒரு சிறுமி அனுப்பப்படுகிறாள் என்ற குறிப்பை இவர் தம் பழைய குறிப்பேடு ஒன்றில் எழுதி வைத்திருந்தார். கதைக்கரு தேடியபோது அது கண்ணில் பட்டது. 1905 ஆம் ஆண்டளவில் புதினத்தை எழுதத் தொடங்கினார். பெரிய எழுத்துகள் தெளிவாக விழாத, ஓர் எழுத்து விழவே விழாத பழைய தட்டச்சுப்பொறியில் தாமே அதைத் தட்டச்சு செய்தார். பல பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பின. மனம் சோர்ந்து கைப்படியைத் தொப்பிப் பெட்டி ஒன்றில் போட்டு மூடிவிட்டார். பின்னர் ஒருநாள் அதை எடுத்துப் படித்துப் பார்த்து, பாஸ்டன் நகரின் எல். சி. பேஜ் நிறுவனத்துக்கு அனுப்பினார். 1907 இல் அந்நிறுவனம் அதனை ஏற்றுக்கொண்டு 1908 சூனில் வெளியிட்டது.

கேபிள் என்னும் ஆங்கிலச் சொல் இங்கு கம்பிவடத்தைக் குறிப்பதன்று. சாய்வுக் கூரையின் இரு பக்கங்களும் கூடும் இடத்தில், சுவரின் மேற்பகுதியில் அமையும் முக்கோண முகப்பே கேபிள் எனப்படுகிறது. அம்முகப்பு பச்சையாக இருக்கும் வீடு கிரீன் கேபிள்ஸ். மாண்ட்கோமரியின் உறவினர்களான டேவிட், மார்கரெட் மக்நீல் என்னும் சகோதரன் சகோதரியின் வீடே இதற்கு முன்மாதிரி ஆகும்.

கதையில் அவோன்லி என்னும் கற்பனை ஊரில் வாழும் மத்தேயு, மரில்லா கத்பர்ட் ஆகிய மணமாகாத அண்ணனும் தங்கையும் பண்ணை வேலைக்கு ஒரு சிறுவனை வேண்டுகின்றனர். தொடர்வண்டி நிலையத்தில் காத்திருப்பதோ 11 வயது ஆன். கூச்ச சுபாவம் உள்ள மத்தேயு அவளைத் திருப்பி அனுப்ப மனமின்றி வீட்டுக்கு அழைத்து வருகிறார். மரில்லா தயங்கிப் பின் இசைகிறார். அதன்பிறகு நிகழ்வன பெரும்பாலும் நகைச்சுவையானவை. தன்னைக் கேலி செய்த கில்பர்ட்டின் தலையில் ஆன் கற்பலகையை உடைக்கிறாள். பழச்சாறு என்று நினைத்து உயிர்த்தோழி டயானாவுக்கு மதுவைக் கொடுத்துவிடுகிறாள். முடியைக் கறுப்பாக்கச் சாயம் பூசப் போக அது பச்சையாகிவிடுகிறது. இறுதியில் சேமிப்பு முழுவதையும் வைத்திருந்த வங்கி முறிந்த செய்தியைப் படித்த மத்தேயு மாரடைப்பால் இறக்கிறார். மரில்லாவுக்குக் கண்பார்வை மங்குகிறது. வீட்டை விற்க நேரிடும் என்பதால் ஆன் கல்லூரி உதவித்தொகையைக் கைவிட்டு, ஊரிலேயே ஆசிரியராகி மரில்லாவுடன் தங்கிவிடுகிறாள்.

நூல் வெளியான உடனேயே பெரும் வரவேற்பைப் பெற்றது. மார்க் டுவெயின் மடல் வழியாக இவரைப் பாராட்டினார். 1909 இலேயே சுவீடிய மொழிபெயர்ப்பு வெளியானது. ஆனால் நூலால் இவருக்குக் கிடைத்த பங்கு சிறிது. ஒப்பந்தப்படி பிரதி ஒன்றுக்கு ஏறத்தாழ 9 சென்ட் மட்டுமே இவருக்குச் சேரும். அடுத்த ஐந்தாண்டுகளுக்கு எழுதும் நூல்களையும் அதே நிபந்தனையில் அதே நிறுவனத்துக்கே தர வேண்டும். பதிப்பாளர் உடனே தொடர்ச்சி கேட்டார். 1909 இல் ஆன் ஆஃப் அவோன்லி வந்தது. ஆன் வரிசையில் மேலும் ஆறு புதினங்களை 1939 வரை எழுதினார். அப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பி, மணம் முடித்து, தாயாக்கி, போருக்கு மகன்களை அனுப்ப வைக்கும் வரை வாசகர்கள் விடவில்லை. மாண்ட்கோமரிக்கு இதில் சலிப்பு ஏற்பட்டது. தம் வாழ்க்கையோடு மிக நெருங்கிய படைப்பாக இவர் கருதியது 1923 இல் வெளியான எமிலி ஆஃப் நியூ மூன் ஆகும்.

பேஜ் நிறுவனத்துடனான உறவு வழக்கில் முடிந்தது. 1919 இல் தம் தொடக்க கால நூல்களின் உரிமையை ஒரே தொகைக்கு அந்நிறுவனத்துக்கு விற்றார். அதன்பின் அதே ஆண்டு வெளியான ஆன் ஊமைப்படத்தின் வருவாயில் இவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அப்படத்தில் பள்ளிக்கூடத்தின் மேல் அமெரிக்கக் கொடி பறந்ததைக் கண்டு கடும் சினம் கொண்டார். 1920 இல் இவர் அனுமதியின்றி ஒரு கதைத் தொகுப்பை பேஜ் வெளியிட, அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்கு 1928 வரை நீண்டு இவருக்குச் சாதகமாக முடிந்தது. 1934 இல் வந்த பேசும்படத்தில் ஆனாக நடித்த நடிகை தம் திரைப்பெயரையே ஆன் ஷெர்லி என மாற்றிக்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

திருமண வாழ்க்கை

1911 மார்ச்சில் பாட்டி இறந்தார். எதிர்பார்த்தபடியே வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் அவ்வீடு இடிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கு முன்பே மணஒப்பந்தம் செய்துகொண்ட பிரெஸ்பிட்டேரியன் போதகர் இவான் மெக்டொனால்டை அந்த ஆண்டு சூலை 5 இல் மணந்து, ஒன்டாரியோ மாகாணத்தின் லீஸ்க்டேல் என்னும் சிற்றூருக்குச் சென்றார். செஸ்டர், ஸ்டுவர்ட் என இரு மகன்கள் பிறந்தனர். இடையில் 1914 ஆகத்து மாதம் பிறந்த ஹியூ என்ற குழந்தை இறந்தே பிறந்தது. 1917 இல் வெளியான ஆன்ஸ் ஹவுஸ் ஆஃப் டிரீம்ஸ் புதினத்தில் ஆனின் முதல் குழந்தை பிறந்த அன்றே இறப்பதாக எழுதினார்.

1919 இவரது வாழ்வின் மிகக் கொடிய ஆண்டாக அமைந்தது. சனவரியில் நெருங்கிய தோழியும் ஒன்றுவிட்ட சகோதரியுமான பிரெடெரிகா கேம்பல் பெருந்தொற்றாகப் பரவிய இன்ஃபுளுவென்சா காய்ச்சலால் இறந்தார். அதே ஆண்டு இவானுக்குக் கடுமையான உளச்சோர்வு ஏற்பட்டது. தாம் நரகத்துக்கென்றே கடவுளால் முன்குறிக்கப்பட்டவர் என அவர் நம்பினார். போதகருக்கே இத்தகைய எண்ணம் என்பது சபையாருக்குத் தெரிந்தால் வேலையும் வீடும் போய்விடும். எனவே மாண்ட்கோமரி கணவரின் நோயைப் பல ஆண்டுகள் மறைத்து வைத்தார். சபைக் கூட்டங்களை நடத்துவது, ஞாயிறு பள்ளியில் கற்பிப்பது, விருந்தினரைச் சிரித்த முகத்துடன் வரவேற்பது, நாள்தோறும் சில மணிநேரம் எழுதுவது ஆகியவற்றில் குறை வைக்கவில்லை. இவருக்கும் உளச்சோர்வு இருந்தது. இருவரும் உட்கொண்ட புரோமைடு, பார்பிட்டுரேட்டு போன்ற அக்கால மருந்துகள் நோயை மேலும் சிக்கலாக்கின என்று இவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கருதுகின்றனர்.

1926 இல் குடும்பம் நார்வல் என்ற ஊருக்கும், 1935 இல் டொரான்டோ நகருக்கும் குடிபெயர்ந்தது. டொரான்டோவில் வாங்கியதே இவர் தம் பெயரில் கொண்ட முதல் வீடு. அதற்குப் பயணத்தின் முடிவு எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அதே ஆண்டு பிரித்தானிய அரசின் ஓ.பி.ஈ. பட்டம் பெற்றார். மூத்த மகனின் போக்கு இவருக்கு ஓயாத கவலை தந்தது. இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அக்கவலை அச்சமாக மாறியது.

இறப்பு

மாண்ட்கோமரி 1942 ஏப்ரல் 24 அன்று டொரான்டோ வீட்டில் இறந்தார். கேவெண்டிஷில் அடக்கம் செய்யப்பட்டார். இதய நோயால் இறந்ததாகச் சான்றிதழில் பதிவாகியுள்ளது. இவரது பேத்தி கேட் மெக்டொனால்டு பட்லர், 2008 ஆம் ஆண்டு செப்டம்பரில் கனடிய நாளிதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில், மாண்ட்கோமரி உளச்சோர்வால் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதாகக் குடும்பத்தினர் நம்பிவந்ததை வெளிப்படுத்தினார். உளநோயை மறைத்து வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அவர் கூறிய காரணம். படுக்கையருகே கிடைத்த தாள் ஒன்றே இதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. வரலாற்றாசிரியர் மேரி ரூபியோ இதை முழுமையாக ஏற்கவில்லை. தாளில் 176 என்ற பக்க எண் காணப்படுவதால், அது தற்கொலைக் குறிப்பாக இல்லாமல், நாட்குறிப்புக்காக எழுதிய கடைசிப் பக்கமாகவும் இருக்கலாம். மருந்து அளவு மீறியது தற்செயலாகவும் இருக்கலாம் என்பது அவரது கருத்து. இக்கேள்விக்கு முடிவான விடை இல்லை.

இறந்த அன்றே பதிப்பாளரின் அலுவலகத்துக்குக் கைப்படி ஒன்று வந்து சேர்ந்தது. ஆன் குடும்பத்தைச் சுற்றி அமைந்த கதைகளும் கவிதைகளும் கொண்ட அந்நூலில் போரைப் பற்றிய கசப்பு வெளிப்படையாக உள்ளது. அதன் சுருங்கிய வடிவம் 1974 இலும், முழு வடிவம் பெஞ்சமின் லெஃபேவர் பதிப்பாக 2009 இலும் வெளியாயின. முதல் உலகப்போரைப் பெருமிதத்தோடு எழுதியவர் என்றே இவரை அறிந்திருந்த வாசகர்களுக்கு இது வியப்பளித்தது.

நாட்குறிப்புகள்

மாண்ட்கோமரி 14 வயது முதல் தொடர்ந்து நாட்குறிப்பு எழுதினார். அதற்கு முன் எழுதியவற்றை எரித்துவிட்டார். 1919 க்குப் பின் பழைய குறிப்புகளை ஒரே அளவான பெரிய பேரேடுகளில் படியெடுத்து, ஒளிப்படங்களை ஒட்டி, பிற்காலத்தில் அச்சிடப்படும் என்ற எண்ணத்துடனேயே ஒழுங்குபடுத்தினார். எனவே அவையும் ஓரளவு படைப்புகளே என்பதை மறந்துவிடக் கூடாது. இளைய மகன் ஸ்டுவர்ட் அவற்றைக் குவெல்ஃப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். மேரி ரூபியோ, எலிசபெத் வாட்டர்ஸ்டன் ஆகியோர் தேர்ந்தெடுத்த பகுதிகளை 1985 முதல் 2004 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டனர். மலரும் மேகமும் நிறைந்த நூல்களை எழுதிய அதே கை, தூக்கமின்மையையும் தனிமையையும் கணவரின் நோயையும் பக்கம் பக்கமாகப் பதிவு செய்திருந்தது.

வாசகர்களும் ஆனின் மகிழ்ச்சியும்

ஆன் தோன்றிய காலத்தில் மகிழ்ச்சியான அனாதைச் சிறுமி அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தில் ஒரு வழக்கமான பாத்திரம். கேட் டக்ளஸ் விக்கின் எழுதிய ரெபெக்கா 1903 இலும், எலினார் போர்ட்டர் எழுதிய போலியானா 1913 இலும் வெளியாயின. போலியானாவின் பெயர் ஆங்கிலத்தில் கண்மூடித்தனமான நம்பிக்கைக்கு ஏளனப் பெயராகவே மாறிவிட்டது. ஆனுக்கு அந்நிலை ஏற்படவில்லை. ஆன் எப்போதும் மகிழ்ச்சியாக இருப்பவள் அல்லள். துயரத்தில் அமிழ்ந்து மீண்டும் எழுபவள் என்பது இதற்கு ஒரு காரணமாகலாம்.

கனடிய விமர்சகர்கள் முதலில் இதை மதிக்கவில்லை. 1920களில் வில்லியம் ஆர்தர் டீக்கன் போன்றோர் இவரது நூல்களைச் சிறுமிகளுக்கான தித்திப்புக் கதைகள் என ஒதுக்கினர். தம் நூல்கள் ஏராளமாக விற்ற காலத்திலேயே இவர் இந்தப் புறக்கணிப்பை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. 1966 இல் எலிசபெத் வாட்டர்ஸ்டன் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே கல்வியுலகம் இவரைப் பொருட்படுத்தத் தொடங்கியது. பெண்ணிய ஆய்வாளர்கள் ஆனைப் பற்றி இரு வேறு கருத்துகள் கொண்டிருந்தனர். சிறுவன் வேண்டிய வீட்டில் சிறுமி தன் மதிப்பை நிலைநாட்டும் கதை என்பது ஒன்று. படிப்பைத் துறந்து வீட்டோடு தங்கும் முடிவு தியாகத்தைப் பெண்ணின் கடமையாக்குகிறது என்பது மற்றொன்று. ஆசிரியரின் வாழ்க்கையை அறிந்து படித்தால் அம்முடிவுக்கு வேறொரு பொருளும் தோன்றும். மாட் பாட்டிக்காகப் பணியை விட்டு வந்தார். வீடு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆன் மரில்லாவுக்காகப் படிப்பை விடுகிறாள், வீடு காப்பாற்றப்படுகிறது.

நாட்குறிப்புகள் வெளியான பின் வாசகரின் கவனம் கதையின் தொடக்கப் பகுதியை நோக்கித் திரும்பியது. குதிரை வண்டியில் மரில்லாவிடம் ஆன் தன் முன்வாழ்க்கையைச் சொல்லும் இடம் அது. பிறந்த மூன்று மாதங்களில் தாய் தந்தை இருவரும் காய்ச்சலால் இறந்தனர். குடிகாரக் கணவருடன் வாழ்ந்த தாமஸ் என்ற பெண்மணி அவளை வளர்த்தார். அடுத்து மூன்று முறை இரட்டைக் குழந்தைகள் பெற்ற ஹாமண்டு குடும்பத்தில் குழந்தைகளைச் சுமந்தாள். பின்னர் ஆதரவற்றோர் இல்லம். அவர்கள் நல்லவர்களாக இருந்தார்களா என மரில்லா கேட்க, அவர்கள் நல்லவர்களாக இருக்கவே எண்ணினார்கள் என்ற பொருளில் சிறுமி மழுப்புகிறாள். தாமஸ் வீட்டிலும் ஒரு புத்தக அலமாரி உண்டு. அதன் கண்ணாடியில்தான் ஆன் கேட்டி மாரிஸைக் காண்கிறாள். இன்னொரு கதவின் கண்ணாடியைக் குடிபோதையில் தாமஸ் முன்பே உடைத்திருந்தார். நகைச்சுவைக்காகப் படித்துக் கடந்த இவ்வரிகளில் பிற்கால வாசகர்கள் பசியும் அடியும் கண்ட ஒரு குழந்தையைக் கண்டனர். ஓயாத பேச்சும் கற்பனையும் மகிழ்ச்சியின் அடையாளமா, உயிர்பிழைக்கக் கற்றுக்கொண்ட வழியா என்னும் கேள்வி எழுந்தது. இரண்டுக்கும் புதினத்தில் இடம் உண்டு என்றே சொல்ல வேண்டும்.

எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் நூலின் நூற்றாண்டான 2008 இல் வேறொரு பார்வையை முன்வைத்தார். ஆன் பெரிதாக மாறுவதில்லை. உண்மையில் மாறுவது அன்பைச் சொல்லத் தெரியாத மரில்லாவே என்பது அவரது வாசிப்பு. சிறு வயதில் ஆனுக்காகப் படித்தவர்கள் நடுவயதில் மரில்லாவுக்காக மீண்டும் படிப்பதும் உண்டு.

கதையில் யாருக்கு இடமில்லை என்பதும் ஆராயப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வரும் ஆதரவற்ற சிறுவன் வேண்டாம், கனடாவில் பிறந்தவனே வேண்டும் என மரில்லா தொடக்கத்திலேயே கூறுகிறார். 1869 முதல் 20 ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரித்தானியச் சிறுவர் சிறுமியர் கனடாவுக்குப் பண்ணை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் அனுப்பப்பட்டனர் என்ற வரலாற்றுடன் இவ்வுரையாடலைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பிரெஞ்சு மொழி பேசும் வேலைக்காரச் சிறுவர்கள் இழிவாகக் குறிக்கப்படுகின்றனர். தீவின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களுக்குக் கதையில் பங்கே இல்லை. 2017 முதல் 2019 வரை சிபிசி, நெட்ஃபிளிக்ஸ் ஆகியவற்றில் வெளியான ஆன் வித் ஆன் ஈ என்னும் தொடர் இவ்விடைவெளிகளை நிரப்ப முயன்றது. ஆனின் பழைய துன்பங்கள் அதில் நினைவுக் காட்சிகளாக வந்தன. உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட மிக்மாக் சிறுமி ஒருத்தியும் பாத்திரமானாள். 1985 இல் மேகன் பாலோஸ் நடித்த குறுந்தொடரின் இனிமையோடு வளர்ந்தவர்களுள் பலருக்கு இது இருண்டதாகத் தோன்றியது. வேறு சிலர் நூலில் மறைந்திருந்ததே இங்கு வெளிவந்தது என வரவேற்றனர்.

யப்பானில்

யப்பானில் ஆன் பெற்ற இடம் வியப்புக்குரியது. 1939 இல் போர்ச்சூழல் காரணமாக யப்பானை விட்டுச் சென்ற கனடிய மறைப்பணியாளர் லொரெட்டா ஷா, தம் தோழியும் மொழிபெயர்ப்பாளருமான ஹனகோ முரவோக்காவிடம் இந்நூலை அளித்தார். ஆங்கிலம் எதிரியின் மொழியாகக் கருதப்பட்ட போர்க்காலத்தில், டோக்கியோவின் வான்தாக்குதல்களுக்கு இடையே முரவோக்கா அதை இரகசியமாக மொழிபெயர்த்தார். 1952 இல் செந்நிற முடி ஆன் எனப் பொருள்படும் தலைப்பில் அது வெளியானது. போரில் பெற்றோரையும் வீட்டையும் இழந்த பிள்ளைகள் நிறைந்த நாட்டில், வீடு கிடைத்த அனாதையின் கதை வேகமாகப் பரவியது. இயற்கை மேல் உள்ள ஈடுபாடும், முதியவர்களிடம் ஆன் காட்டும் பரிவும் யப்பானிய வாசகர்களுக்கு இசைவாக இருந்தன.

முரவோக்கா சில பகுதிகளைச் சுருக்கியும் விட்டும் மொழிபெயர்த்தார். யூகோ மட்சுமோட்டோ 1993 இல் முழு மொழிபெயர்ப்பைக் குறிப்புகளுடன் வெளியிட்டார். ஷேக்ஸ்பியர் முதலிய ஆங்கில இலக்கியங்களின் எதிரொலி நூல் முழுவதும் பரவியிருப்பதை அதன்மூலம் பலர் அறிந்தனர். சிறுவர் நூலாக இருந்தது பெரியவர்களின் நூலாகவும் ஆனது. இசாவோ தகாஹட்டா இயக்கிய 50 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடர் 1979 இல் ஒளிபரப்பானது. 2014 இல் முரவோக்காவின் வாழ்க்கையே தொலைக்காட்சி நாடகமாக வந்தது. 2025 இல் புதிய அசைவூட்டத் தொடர் ஒன்றும் வெளியானது. கேவெண்டிஷில் தேசியப் பூங்காவின் பகுதியாகப் பாதுகாக்கப்படும் பச்சை முகப்பு வீட்டைக் காண யப்பானியப் பயணிகள் பெருமளவில் வந்துள்ளனர்.

போலந்தில்

போலந்து மொழியில் இந்நூல் முதல் உலகப்போருக்கு முன்பே ரொசாலியா பெர்ன்ஸ்டைனின் மொழிபெயர்ப்பில் வெளியானது. ஆன் அங்கு ஆனியா ஆனாள். ரேச்சல் லிண்டு என்னும் அண்டைவீட்டுப் பெண்மணி மவ்கோசாட்டா ஆனார். கூரை முகப்பு மறைந்து, தலைப்பில் பச்சைக் குன்று வந்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் போலந்துப் பிள்ளைகள் குன்றின் மேல் இருக்கும் வீட்டையே மனத்தில் கண்டு வளர்ந்தனர். 2022 இல் அன்னா பன்கோவ்ஸ்கா மூலத்தின் பெயர்களை அப்படியே வைத்து, குன்றை மீண்டும் கூரை முகப்பாக மாற்றிப் புதிய மொழிபெயர்ப்பை வெளியிட்டார். நூலில் உள்ள பெயர்களும் இடங்களும் இப்போதுதான் சரியாக வந்துள்ளன என்று ஒரு சாராரும், தங்கள் ஆனியாவைத் தங்களிடமிருந்து பறித்துவிட்டதாக மற்றொரு சாராரும் நாளிதழ்களில் விவாதித்தனர். பழைய மொழிபெயர்ப்பும் தொடர்ந்து விற்பனையில் உள்ளது.